ஏழு கைதிகள் எழுப்பிய கேள்வி: பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தை எல்லா மாணவர்க்கும் உரியதாக்க முயன்ற ஒரு வகுப்பறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் பிரெஞ்சுப் புரட்சி என்னும் ஒரே பாடத்தை நடத்திய ஏழு வாரங்களின் பதிவு இது. வகுப்பில் 36 மாணவர்கள் இருந்தனர். வரலாற்று ஆசிரியையான நான் அந்தப் பாடத்தை அதற்கு முன் பல ஆண்டுகள் நடத்தியிருந்தேன். 12 பாடவேளைகளில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பாடநூலை மாணவர்களை வரிசையாக வாசிக்கச் சொல்வது, இடையிடையே விளக்குவது, முக்கியக் குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதுவது, கடைசியில் வினா விடை எழுதிப்போடுவது என்பதே என் வழக்கம். அந்த முறையில் தேர்ச்சி குறையவில்லை என்பதால் அதை மறுபரிசீலனை செய்ய எனக்குக் காரணமும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு வகுப்பில் இருந்த நான்கு பேரைப் பற்றியே இந்தப் பதிவு பெரும்பாலும் பேசும். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஒருவர் குறைபார்வை உடைய மாணவர். பெரிய எழுத்தாக இருந்தால் கண்ணருகே வைத்து வாசிப்பார். இன்னொருவர் செவித்திறன் குறைந்த மாணவி. காதொலிக் கருவி அணிந்திருந்தாலும் உதட்டசைவையும் சைகையையும் சேர்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். மூன்றாமவருக்கு டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு. நான்காமவர் ஆட்டிசம் உள்ள மாணவி. வாரத்தில் இரண்டு நாள் சிறப்பாசிரியர் ஒருவர் வந்து இவர்களைத் தனியறைக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளிப்பார். அந்த நேரம் பெரும்பாலும் வரலாற்றுப் பாடவேளையாகவே அமைந்துவிடும். கணிதத்தையும் அறிவியலையும் தவறவிட முடியாது, வரலாற்றை வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பள்ளியில் யாரும் சொல்லாமலே நிலவியது. அதை நானும் எதிர்த்ததில்லை என்பதை இங்கே எழுதிவைப்பதே நேர்மை.

2006இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக்கூடாது என்றும், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் பள்ளி இதில் முதல் பாதியை நிறைவேற்றியிருந்தது. நால்வரின் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருந்தன; பாடத்திற்குள் அவர்கள் இருந்தார்களா என்று எவரும் பார்க்கவில்லை.

கவனித்தவை

புதிய பாடத்தைத் தொடங்குமுன், முந்தைய பாடத்தின் கடைசி இரண்டு பாடவேளைகளில் வந்து உட்காரும்படி சிறப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டேன். அவர் கடைசி வரிசையில் அமர்ந்து, நால்வரையும், எனக்குச் சற்றுச் சங்கடம் தரும் வகையில் என்னையும், கவனித்துக் குறிப்பெடுத்தார்.

டிஸ்லெக்ஸியா உள்ள மாணவரைப் பற்றிய அவரது குறிப்பை இன்றுவரை மறக்க முடியவில்லை. வரிசை வாசிப்பு தொடங்கியதும் அந்தப் பையன் தனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரலால் எண்ணியிருக்கிறான். பிறகு பத்திகளை எண்ணித் தனக்கு எது வரும் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு பத்தியையே உதட்டுக்குள் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்திருக்கிறான். அவனுக்கு முன்னிருந்த ஒருவர் வராததால் கணக்கு ஒன்று தள்ளிப்போக, தயாரிக்காத பத்தி அவனிடம் வந்து நின்றது. அவன் திக்கித் திணறியதை நான் கண்டேன். அதற்கு முந்தைய 15 நிமிடங்களில் மற்றவர்கள் வாசித்த எதுவுமே அவன் காதில் விழவில்லை என்பதைக் காணவில்லை. இதே மாணவர் வாய்மொழியாகக் கேட்டால் காரணத்தோடு பதில் சொல்பவர். விடைத்தாளில் 1789 என்பது 1798 ஆகிவிடும். நானும் விடை முழுவதையும் தவறு என்று அடித்துவிடுவேன்.

செவித்திறன் குறைந்த மாணவியைப் பொறுத்தவரை, 40 நிமிடப் பாடவேளையில் ஏறத்தாழ பாதி நேரம் நான் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசியிருந்தேன். அவ்வளவு நேரமும் என் உதடு அவருக்குக் கிடைக்கவில்லை. முகம் தெரிந்தபோதும், வேர்சாய், ரோபஸ்பியர் போன்ற, முன்பின் கேட்டிராத பெயர்களை உதட்டசைவிலிருந்து ஊகிக்க வழியே இல்லை. குறைபார்வை உடைய மாணவர் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரின் ஏட்டைப் பார்த்து எழுதியதால் எப்போதும் அரைப் பத்தி பின்தங்கியிருந்தார். நான் கேள்வி கேட்கும்போது அவர் இன்னும் முந்தைய குறிப்பில் இருந்தார். பாடநூலின் ஐரோப்பிய வரைபடத்தில் நாடுகள் ஒன்றையொன்று ஒத்த வெளிர் நிறங்களில் அச்சிடப்பட்டிருந்தன. அவருக்கு அது ஒரே திட்டாகத் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள மாணவியோ, 'நாடே பற்றி எரிந்தது' என்று நான் சொன்னதும், எந்த ஊரிலிருந்து தீ தொடங்கியது என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அந்தப் பாடவேளை முடியும்வரை அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

முதல் முடிவும் அதன் பிழையும்

இந்தக் குறிப்புகளுக்குப் பிறகு நான் எடுத்த முதல் முடிவு, பெரும்பாலான ஆசிரியர்கள் எடுக்கக்கூடியதுதான்: நால்வருக்கும் பாடத்தைச் சுருக்கி, ஒரு பக்கத்தில் எளிய குறிப்புத் தாள் தயாரித்தேன். நீண்ட வாக்கியங்களை உடைத்தேன்; கடினமான சொற்களை நீக்கினேன்; தேர்வில் கட்டாயம் வரும் ஆண்டுகளைச் சேர்த்தேன். ஒரு மாலை முழுவதும் செலவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு மறுநாள் கொடுத்தேன்.

இரண்டாம் வாரத்தில், டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பாஸ்டில் சிறையில ஏழு பேர்தான் இருந்தாங்கன்னு போட்டிருக்கு. ஏழு பேரை வெளிய விடத்தான் அத்தனை பேரும் போனாங்களா, டீச்சர்?"

கேள்வி மிகச் சரியானது. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டிலில் இருந்த கைதிகள் ஏழு பேரே. மக்கள் அங்கு சென்றது அவர்களுக்காக அன்று. அன்று காலை இன்வாலித் இல்லத்திலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டவர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது, அது பாஸ்டிலில் இருந்தது. இந்தக் காரணம் என் தாளில் இல்லை. வகுப்பில் நான் வாய்மொழியாக விளக்கும்போது, 'நிதியமைச்சர் நெக்கர் பதவி நீக்கப்பட்ட செய்தி பாரிசை எட்டியதும், அரசப் படைகள் நகரைச் சூழ்வதைக் கண்டு அஞ்சிய மக்கள், தற்காப்புக்கு ஆயுதம் தேடிப் புறப்பட்டு, துப்பாக்கிகளைக் கைப்பற்றியபின் வெடிமருந்துக்காகப் பாஸ்டிலுக்குச் சென்றனர்' என்றுதான் சொல்வேன். அதையே உடைத்து எழுதிய தாளில் இருந்தது இது: 'நெக்கர் நீக்கப்பட்டார். படைகள் வந்தன. மக்கள் அஞ்சினர். பாஸ்டில் தாக்கப்பட்டது. ஏழு கைதிகள் விடுவிக்கப்பட்டனர்.'

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் காரணம் பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்பதில்லை; எட்டியதும், கண்டு, தேடி, கைப்பற்றியபின் என்று வினையெச்சங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. வாக்கியத்தை உடைக்கும்போது முதலில் உதிர்வது அந்த எச்சங்கள்தான். எஞ்சியது நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமே. தாளை மீண்டும் எண்ணிப் பார்த்தேன்: 11 வாக்கியங்கள்; அவற்றில் பலவற்றில் தேதியோ ஆண்டோ இருந்தது; 'ஏனெனில்', 'ஆகவே' என்ற சொல் ஒன்றுகூட இல்லை. ஆண்டுகளை நினைவில் நிறுத்துவதுதான் அந்த மாணவருக்கு மிகக் கடினமான வேலை. காரணத்தைத் தொடர்ந்து சிந்திப்பது அவருக்கு மிக எளிதாக வருவது. எளிமையாக்குகிறேன் என்று, அவரால் முடிந்ததை எடுத்துவிட்டு முடியாததை மட்டும் கொடுத்திருந்தேன்.

மாற்றியமைத்த விதம்

மூன்றாம் வாரத்தில் பாடத்தை நிறுத்தி, சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து மறுபடி திட்டமிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பாடத்துல எதை எடுத்தா இது வரலாறாவே இருக்காது?" அரை மணி நேரம் பேசியபின் மூன்று வினாக்களில் நின்றோம். நெருக்கடி ஏன் 1789இல் வெடித்தது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது. அதனால் யாருடைய வாழ்க்கை மாறியது, யாருடையது மாறவில்லை. இந்த மூன்றும் 36 பேருக்கும் பொது, இவற்றில் எவருக்கும் சலுகை இல்லை என்று முடிவு செய்தோம். மாறக்கூடியவை, அவற்றை அடையும் வழியும் வெளிப்படுத்தும் வழியும். சிறப்புப் பயிற்சியின் நேரத்தை வரலாற்றுப் பாடவேளையிலிருந்து நகர்த்தவும் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். அதற்குக் கால அட்டவணையில் ஒரே ஒரு மாற்றம்தான் தேவைப்பட்டது.

நால்வருக்கென்ற தனித் தாளைக் கைவிட்டு, எல்லோருக்கும் ஒரே பாடத் தாளை எழுதினேன். வாக்கியங்கள் சிறியவைதாம், ஆனால் உடைத்த இடத்திலெல்லாம் 'இதனால்', 'இதற்குக் காரணம்', 'இருந்தபோதிலும்' என்ற இணைப்புச் சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் தடித்த எழுத்தில் வைத்தேன். எழுத்தின் அளவு 18 புள்ளி. வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி. அதையே நான் நிதானமாக வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பும் கொடுக்கப்பட்டது. புதிய பெயர்களின் பட்டியல் முந்தைய நாளே எல்லோர் கைக்கும் போனது. வரிசை வாசிப்பை நிறுத்தினேன். வாசிக்க விரும்புபவர் முதல்நாளே பத்தியைத் தேர்ந்துகொள்ளலாம். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை, பேசும்போது எழுதுவதில்லை என்பது எனக்கு நானே விதித்த விதி. இதைப் பின்பற்றுவது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் வாரம் செவித்திறன் குறைந்த மாணவி கையை உயர்த்தி நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

காலத்தைத் தொட்டறியக் கயிறுகளைப் பயன்படுத்தினோம். முதற்கயிறு, பதினாறாம் லூயி அரியணை ஏறிய 1774 முதல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய 1799 வரை; ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் என்று ஐந்து மீட்டர். கட்டத் தொடங்கியதும், 1789 என்ற ஒரே சாணுக்குள் முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஆகவே அந்த ஆண்டுக்கு மட்டும் இரண்டாவது கயிறு: திருச்சபையினர், பிரபுக்கள், மற்றவர்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் மன்றமான எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடிய மே 5 முதல் பெண்கள் அரண்மனை இருந்த வேர்சாய் நோக்கி நடந்த அக்டோபர் 5 வரை, மாதத்திற்கு ஒரு மீட்டர். முதற்கயிற்றில் 1788 ஜூலை 13 அன்று விளைச்சலை நாசமாக்கிய ஆலங்கட்டி மழைக்குக் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டோம். இரண்டாவதில் பாஸ்டிலுக்கு ஒரு பழைய சாவி.

குறைபார்வை உடைய மாணவர் இரண்டாவது கயிற்றை இரு கைகளாலும் தடவிக்கொண்டே வந்தார். ஜூன் 20இல் டென்னிஸ் மைதான உறுதிமொழி: மன்றக் கதவு மூடப்பட்டதால் மூன்றாம் பிரிவினர் ஒரு டென்னிஸ் மைதானத்தில் கூடி, அரசியலமைப்பு உருவாகும்வரை கலைவதில்லை என்று உறுதி எடுத்த நாள். அதன்பின் நீண்ட வெற்றுக் கயிறு. பிறகு ஜூலை 11, நெக்கரின் நீக்கம். அங்கிருந்து பத்து சென்டிமீட்டர் போனதும் கையில் சாவி தட்டியது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்து, மீண்டும் முடிச்சைத் தொட்டு, கட்டை விரலையும் சுட்டுவிரலையும் விரித்து அளந்து பார்த்தார். "இவ்ளோ கிட்டவா?" என்றார். நெக்கரை நீக்கியதற்கும் பாஸ்டில் வீழ்ந்ததற்கும் இடையே மூன்றே நாள். அதிலும் செய்தி பாரிசுக்கு வந்துசேர ஒருநாள் போய்விட்டது. பல ஆண்டுகள் இதை நடத்திய எனக்கும் அந்த மூன்று நாள் அதுவரை ஓர் எண்ணாக மட்டுமே இருந்தது. அடுத்த நாளிலிருந்து நன்றாகப் பார்வை தெரிந்தவர்களும் இடைவேளையில் கயிற்றைத் தடவிக்கொண்டு நின்றனர்.

மூன்று பிரிவினரை விளக்க 100 பொத்தான்களை ஒரு தட்டில் வைத்தோம்: திருச்சபையினரும் பிரபுக்களும் சேர்ந்து இரண்டு பித்தளைப் பொத்தான்கள், மூன்றாம் பிரிவினர் 98 பிளாஸ்டிக் பொத்தான்கள். மக்கள்தொகையின் பங்கு ஏறத்தாழ இதுவே. பின்னர், பிரிவுக்கு ஒரு வாக்கு என்ற பழைய முறைப்படி எண்ணினால் 98 பொத்தான்கள் இரண்டிடம் எப்படித் தோற்கின்றன என்று காட்டியபோது, தலைக்கு ஒரு வாக்கு என்ற கோரிக்கைக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஓவியத்தைச் சொல்லில் வரைதல்

டென்னிஸ் மைதான உறுதிமொழியை ஜாக் லூயி தாவீத் வரைந்த கோட்டோவியம் பல பாடநூல்களில் இருக்கும். குறைபார்வை உடைய மாணவருக்காக அதை இணை இணையாகச் சொற்களில் விவரிக்கும்படி வகுப்பைக் கேட்டேன். உதவிச் செயலாக மட்டுமே இதை நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு இணைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. மேசைமேல் நின்று கையை உயர்த்தும் அவைத் தலைவர் பெய்யி 'கூட்டத்தைப் பார்த்து' நிற்கிறார் என்று ஒரு தாள். 'நம்மைப் பார்த்து' நிற்கிறார் என்று இன்னொரு தாள். படத்தைத் திரும்பப் பார்த்தால் இரண்டாவதே சரி. அவருக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். "அப்ப பின்னாடி நிக்கிறவங்களுக்கு அவர் முதுகுதானே தெரியும்? நிஜமா அப்படியா நின்னார்?" என்று கேட்டவர், படத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாத அந்த மாணவரேதான். நடந்ததைப் பதிவு செய்வது ஓவியரின் நோக்கமா, பார்ப்பவரை உறுதிமொழிக்குள் இழுப்பதா என்ற விவாதம் அங்கிருந்து எழுந்தது. சான்றை ஆராய்வது என்று பாடத்திட்டம் சொல்வதை நான் இதைவிட நன்றாக ஒருநாளும் கற்பித்ததில்லை.

சறுக்கல்

ஐந்தாம் வாரத்தில் எஸ்டேட்ஸ் ஜெனரலை நடித்துக்காட்ட ஏற்பாடு செய்தேன். செயல்வழி கற்றல் எல்லோருக்கும் உகந்தது என்ற பொதுவான நம்பிக்கைக்கு அப்பால் இதற்கு நான் வேறு காரணம் யோசிக்கவில்லை, சிறப்பாசிரியரிடமும் கேட்கவில்லை. ஆட்டிசம் உள்ள மாணவி மூன்றாம் பிரிவில் இருந்தார். கதவு மூடப்பட்டதும் மூன்றாம் பிரிவினர் மேசையைத் தட்டிக் கூச்சலிட வேண்டும் என்பது காட்சி. 20க்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டினர். அவர் காதுகளை அழுத்திப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் உட்கார்ந்துவிட்டார். அதை நடிப்பின் ஒரு பகுதி என்றே சில நொடிகள் நினைத்துக்கொண்டிருந்தேன். செவித்திறன் குறைந்த மாணவிக்கும் அந்த நேரம் பயனற்றுப் போனது: இரைச்சலில் காதொலிக் கருவியைக் கழற்றிவைத்த அவருக்கு யார் பேசுகிறார் என்பதே தெரியவில்லை.

நடிப்பை நிறுத்தி, மீதிப் பாடவேளையை அமைதியான வாசிப்புக்கு விட்டேன். மறுநாள் மாணவியிடம் தனியே மன்னிப்புக் கேட்டு, எப்படி இருந்திருக்கலாம் என்று கேட்டேன். எழுதி வாதிடலாமே, தான் எண்ணிக்கொள்வதாக அவர் சொன்னார். அப்படியே அறையின் மூன்று சுவர்களில் மூன்று பிரிவினரின் பெரிய தாள்களை ஒட்டி, வாதங்களையும் பதில்களையும் எழுதியே நடத்தினோம். அவர் மன்றத்தின் எழுத்தராக வாக்குகளைப் பதிவு செய்தார். ஒருவர் எழுதும்போது மற்றவர் வாசிப்பதால் செவித்திறன் குறைந்த மாணவி முதல்முறையாக ஒரு விவாதத்தின் ஒவ்வொரு வரியையும் பின்தொடர்ந்தார். பிரபுக்களின் சுவரில் காரமான மூன்று பதில்கள் அவருடைய கையெழுத்தில் இருந்தன.

எழுத்தர் பொறுப்பில் இருந்த மாணவி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். உறுதிமொழியில் ஒருவர் மட்டும் இணங்க மறுத்தார் என்று நான் கொடுத்திருந்த தாளில் ஒரு வரி இருந்தது. அவர் யார், ஏன் மறுத்தார் என்று விடாமல் கேட்டார். மார்த்தன் தோஷ் என்ற உறுப்பினர், அரசரின் ஒப்புதல் பெறாத முடிவுகளுக்குத் தன்னால் உறுதியளிக்க இயலாது என்றார்; அவருடைய மறுப்பும் ஆவணத்தில் அப்படியே விடப்பட்டது. தாவீதின் ஓவியத்தில் வலப்பக்க ஓரத்தில் கைகளை மார்பில் கட்டியபடி உட்கார்ந்திருப்பவர் அவரே. அந்த மாணவி அவரைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்துக் காட்டினார்.

பாடத்திற்குள் இருந்தவர்கள்

மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றையும் சேர்க்கலாம் என்று, கேளாதோர்க்குப் பாரிசில் பள்ளி நடத்திய அபே தெ லெப்பேயையும், பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கிய வாலந்தன் ஆவ்யியையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். இரண்டும் புரட்சிக்கு முன் தோன்றி, புரட்சிக் காலத்தில் அரசின் பொறுப்புக்கு வந்தவை. செவித்திறன் குறைந்த மாணவி பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அங்கே படித்தவர்களும், கேளாதவர்களும் என்ன சொன்னார்கள் என்று எழுதிக் காட்டினார். நல்லவேளையாக ஒரு பெயர் இருந்தது: பியேர் தெலோழ், ஏழு வயதளவில் பெரியம்மையால் கேட்கும் திறனை இழந்த புத்தகம் கட்டும் தொழிலாளி, சைகை மொழிக்காக வாதிட்டு 1779இல் நூல் வெளியிட்டவர். புரவலர்களை மட்டும் அறிமுகப்படுத்திவிட்டு உரியவரை நான் மறந்திருந்தேன்.

அதைவிட வியப்பானது, தேடிப் போகாமலே கதைக்குள் இருந்தது. துப்பாக்கிகள் எடுக்கப்பட்ட இன்வாலித், போரில் உறுப்பிழந்த, முதிர்ந்த படைவீரர்களுக்காகப் பதினான்காம் லூயி நிறுவிய இல்லம். பாஸ்டிலைக் காவல் காத்தவர்களில் பெரும்பாலோரும் களப்போருக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட அத்தகைய வீரர்கள்தாம், 82 பேர். ஒவ்வோர் ஆண்டும் இந்த நிகழ்ச்சியைச் சொல்லியும் அவர்களை நான் பார்த்ததில்லை.

மதிப்பீடும் விளைவும்

அலகுத் தேர்வில் ஆண்டுக்கும் வாதத்திற்கும் மதிப்பெண்ணைப் பிரித்தேன். நிகழ்ச்சிகளின் வரிசை சரியாக இருந்தால் ஆண்டின் இலக்கங்கள் இடம் மாறியதற்குக் கழிப்பதில்லை. பெரிய வினா ஒன்றுக்கு எழுதியோ, வாய்மொழியாகப் பதிவு செய்தோ, காரண அட்டைகளை அடுக்கி விளக்கியோ விடையளிக்கலாம். சக ஆசிரியர் ஒருவர், நால்வருக்கு இப்படி வாய்ப்பளிப்பது மற்ற 32 பேருக்குச் செய்யும் அநீதி என்றார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆகவே வாய்ப்பைக் குறைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அந்த நால்வரைத் தவிர ஒன்பது பேர் வாய்மொழியைத் தேர்ந்தனர். அவர்களில் சிலர் அதுவரை என்னால் 'சுமாரானவர்கள்' என்று கணிக்கப்பட்டவர்கள்.

டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர் நான்கு நிமிடப் பதிவில், விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது, அரசின் கடன், வாக்களிப்பு முறைச் சிக்கல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் நடந்திருந்தால் புரட்சி வந்திருக்காது என்று முடித்தார். ஆண்டு எதையும் சொல்லவில்லை. கயிற்றில் எது முன், எது பின் என்று மட்டும் சொன்னார். செவித்திறன் குறைந்த மாணவியின் எழுத்து விடை முன்பைவிடச் செறிவாக இருந்தது. நெக்கருக்கு அவர் உருவாக்கிய சைகை, உள்ளங்கையில் காசு எண்ணி நிறுத்துவது, வகுப்பு முழுவதும் பரவிவிட்டது.

எல்லாம் நன்றாக முடிந்துவிடவில்லை. ஆட்டிசம் உள்ள மாணவி மூன்று பக்கங்களும் மார்த்தன் தோஷைப் பற்றியே எழுதினார். வினா புரட்சியின் காரணங்களைப் பற்றியது. விடையின் தரத்தில் ஐயமில்லை, கேட்டதற்கு அது விடையில்லை என்பதிலும் ஐயமில்லை. பாதி மதிப்பெண் கொடுத்தேன். அது சரிதானா என்பது எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியவில்லை. 'ஒரு காரணத்தை' எழுதச் சொல்கிறேனா, 'எல்லாக் காரணங்களையும்' எழுதச் சொல்கிறேனா என்று வினாவில் தெளிவாக இல்லை என அவர் சுட்டிக்காட்டியதும் உண்மை. குறைபார்வை உடைய மாணவர் வரைபட வினாவில் பூச்சியம் பெற்றார். எல்லைக்கோடுகளைத் தடித்து வரைந்து கொடுத்ததும் போதவில்லை. 12 பாடவேளைகள் 17 ஆயின. நெப்போலியன் பகுதி ஒரே பாடவேளையில் ஓடி முடிந்தது. அதில் பழைய முறையில்தான் நடத்தினேன், அதன் விளைவும் விடைத்தாள்களில் தெரிந்தது.

அடுத்த முறை மாற்றுபவை

பாடத் தாளை எழுதியதும் தேதிகளை ஒரு நிறத்திலும் காரணச் சொற்களை இன்னொரு நிறத்திலும் கோடிட்டு எண்ணிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவேன். நடிப்போ கூட்டு விவாதமோ இருந்தால் முந்தைய நாளே ஒலி எவ்வளவு இருக்கும், யார் எங்கே நிற்பார், வெளியேற விரும்புபவர் எப்படிச் சொல்வது என்பதை எழுதிக் கொடுப்பேன். எழுத்தர், நேரம் பார்ப்பவர் போன்ற பேசாப் பொறுப்புகளை எல்லோரும் தேர்ந்தெடுக்கும்படி முன்கூட்டியே வைப்பேன். கயிறுகளைக் கட்டியது நானும் சிறப்பாசிரியரும். அதை மாணவர்களிடமே விட்டிருக்க வேண்டும், ஏனெனில் 1789இல் முடிச்சுக்கு இடமில்லாமல் போனதைக் கண்டுபிடித்த அந்தக் கணம் எங்கள் இருவருக்கு மட்டுமே கிடைத்தது. கால அளவைப் பொறுத்தவரை, 17 பாடவேளைகளை ஒவ்வொரு பாடத்திற்கும் தர இயலாது. ஆண்டுக்கு இரண்டு பாடங்களை மட்டும் இப்படி ஆழமாக நடத்தி, மற்றவற்றில் தாளின் அமைப்பையும் பேச்சு விதியையும் மட்டும் தொடர்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

வரைபடத்திற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆண்டிறுதித் தேர்வில் அந்த வினா மாறாமல் வரும். இப்போதைக்கு, எல்லைகளை நூலாலும் தலைநகரங்களைப் பித்தளைப் பொத்தான்களாலும் ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். பாரிசுக்கும் வேர்சாய்க்கும் இடையே இரண்டு பொத்தான்களை வைக்க இடம் போதவில்லை என்று அந்த மாணவர் நேற்றுச் சொன்னார், ஆகவே பாரிசைச் சுற்றிய பகுதியைத் தனியே பெரிதாக்கி இரண்டாவது அட்டை ஒன்று தயாராகிறது.